சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு உண்மையில் எத்தனை மணி நேரம்?

கேள்வி இதுதான்: அப்பாவும் அம்மாவும் முதல் முறையாகச் சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வருகிறார்கள். இணையத்தில் தேடினால் 13,900 கி.மீ., பதினைந்தரை மணி நேரம் என்று வருகிறது. டிக்கெட் தேடினாலோ 21 மணி, 23 மணி, 26 மணி என்று ஒவ்வொன்றும் ஒரு கணக்குச் சொல்கிறது. திரும்பும் பயணம் இன்னும் நீளம். எதை நம்புவது?

தூரத்தை நம்புங்கள். பதினைந்தரை மணி நேரத்தை மறந்துவிடுங்கள். டிக்கெட் போடும் தொழிலில் பல வருடம் இருந்தவன் நான். இந்தக் கேள்வியை எத்தனை பிள்ளைகள், எத்தனை பெற்றோர் கேட்டிருப்பார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பதினைந்தரை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய கோடு எது என்று கணக்குப் போட்டால் சுமார் 13,900 கி.மீ. வரும். அதை மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 15.4. அவ்வளவுதான், வேறு ஒன்றும் செய்யவில்லை. காற்று, மலை, அடுத்த நாட்டின் அனுமதி, நடுவில் இறங்கி ஏறுவது எதுவும் அந்த வகுத்தலில் கிடையாது. (ஒரு தளம் 8,640 என்றும் இன்னொன்று 7,500 என்றும் காட்டினால் பயப்பட வேண்டாம். முதலாவது சாதாரண மைல், இரண்டாவது பைலட்டுகள் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.)

அந்தக் கோடு எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் சுவாரசியம். வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துச் சென்னையில் ஒரு முனையையும் சான் பிரான்சிஸ்கோவில் மறுமுனையையும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். பள்ளிக்கூடச் சுவர் வரைபடத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு, அமெரிக்கா என்றால் ஐரோப்பா தாண்டி மேற்கே என்றுதான் மனதில் பதிந்திருக்கும். நூல் அப்படிப் போகாது. ஏறக்குறைய வடக்கே கிளம்பும். ராஜமுந்திரி பக்கம், ஒடிசாவின் உட்பகுதி, பீகார் என்று ஏறி எவரெஸ்டுக்கு மிக அருகில் இமயமலையைக் கடக்கும். நான் முதல் முறை கணக்குப் போட்டபோது தவறு செய்துவிட்டேனோ என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அப்புறம் திபெத், மங்கோலியா, ரஷ்யாவில் பைக்கால் ஏரிப் பக்கம், சைபீரியாவின் வடகிழக்கு மூலை, பெரிங் நீரிணை, அலாஸ்கா. அங்கிருந்து பசிபிக் கரையோரமாகவே சரிந்து சான் பிரான்சிஸ்கோவில் முடியும். ஐரோப்பாவும் இல்லை, அட்லாண்டிக்கும் இல்லை.

இந்த நூலின் மேலேயே யாரும் பறப்பதில்லை. எவரெஸ்டின் உயரம் அதற்குக் காரணம் இல்லை. விமானம் பத்து, பதினோரு கி.மீ. உயரத்தில் போகிறது, எவரெஸ்ட் ஒன்பது கி.மீ.கூட இல்லை. சிக்கல் திபெத்தில். நடுவானில் கேபினுக்குள் காற்றழுத்தம் போய்விட்டால், தலைக்கு மேலிருந்து விழும் ஆக்சிஜன் மாஸ்க் பொதுவாகக் கால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். அதற்குள் விமானி சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். திபெத் பீடபூமியின் தரையே சராசரியாக 4,500 மீட்டருக்கு மேல். இறங்க இடம் எங்கே? அதனால் அந்தப் பகுதியைப் பெரும்பாலும் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

அதைவிட எளிய காரணம், சென்னையிலிருந்து அமெரிக்காவின் எந்த ஊருக்கும் நிற்காமல் போகும் விமானம் இல்லை. எங்கேயாவது ஒரு முறை மாறித்தான் ஆக வேண்டும். எங்கே மாறுகிறீர்கள் என்பதை வைத்துத் தூரமே மாறிவிடும்.

துபாய் வழியாகப் போனால் முதல் பாதி சுமார் 2,900 கி.மீ., அடுத்தது சுமார் 13,000. ஆக 15,900. துபாயும் சான் பிரான்சிஸ்கோவும் உருண்டையில் கிட்டத்தட்ட நேர் எதிர் தீர்க்கரேகைகளில் இருப்பதால், இரண்டுக்கும் நடுவில் நூல் பிடித்தால் அது வட துருவத்தை ஒட்டிப் போகும். சிங்கப்பூர் வழி 2,900 கூட்டல் 13,600, ஆக 16,500. லண்டன் வழி 8,200 கூட்டல் 8,600, கிட்டத்தட்ட 16,800. ஹாங்காங் வழி 3,700 கூட்டல் 11,100, ஆக 14,800. நேர்க்கோட்டைவிட 900 கி.மீ.தான் கூடுதல். அமெரிக்கா போவதற்கு ஏன் கிழக்கே போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கூட்டல் போதும். அட்லாண்டிக் பக்கமிருக்கும் நியூயார்க்குக்கு வேறு கணக்கு. கலிபோர்னியாவுக்குக் கிழக்கு வழி நல்ல வழி.

பறக்கும் நேரம் என்று பார்த்தால் ஹாங்காங் வழியில் சுமார் பதினெட்டரை மணி, சிங்கப்பூர் வழியில் பத்தொன்பதரை, துபாய் வழியில் இருபது, லண்டன் வழியில் இருபத்திரண்டு. துபாய் வழியைவிடச் சிங்கப்பூர் வழி 600 கி.மீ. நீளம். இருந்தும் நேரம் கொஞ்சம் குறைவு. இங்கேதான் காற்று வருகிறது.

பூமியின் நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் அதே ஒன்பது முதல் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ.யைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். முதலில் இதை முறையாக அளந்தவர் ஜப்பானியரான வசாபுரோ ஓயிஷி. 1920களில் தாடேனோ என்ற ஊரிலிருந்து பலூன்களை விட்டு அளந்தார். முடிவுகளை உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பராண்டோ மொழியில் வெளியிட்டார், உலகமே படிக்கட்டும் என்று. உலகம் படிக்கவில்லை. 1944இல் ஜப்பான் மேல் குண்டு போடப் போன அமெரிக்க பி-29 விமானிகள் அந்தக் காற்றில் மாட்டிக்கொண்டு தவித்த பிறகுதான் பலருக்கு அது உறைத்தது.

காற்று என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. ஹாங்காங்–சான் பிரான்சிஸ்கோ 11,100 கி.மீ. விமானத்தின் வேகம் 900 என்று வையுங்கள். வழி நெடுக சராசரியாக 80 கி.மீ. பின்காற்று இருந்தால் தரையைப் பொறுத்த வேகம் 980. பதினொன்றேகால் மணிக்குச் சற்று மேலே. அதே காற்று எதிரே அடித்தால் 820, பதிமூன்றரை மணி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம், விமானமும் அதே, தூரமும் அதே. அதனால்தான் அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ போக அட்டவணையில் சுமார் பதின்மூன்று மணி, திரும்ப பதினான்கரை, பதினைந்து என்று போட்டிருக்கும். உங்கள் அப்பா அம்மாவின் திரும்பும் டிக்கெட் நீளமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி ட்ரான்சிட்டில், அதாவது விமானம் மாறும் ஊரில், காத்திருக்கும் நேரம்.

‘பூமி சுற்றுகிற திசையில் போனால் நேரம் அதிகம் ஆகும், எதிரே போனால் ஊர் நம்மை நோக்கி வந்துவிடும்’ என்று ஒரு விளக்கம் உலவுகிறது. வாட்ஸ்அப்பில் எனக்கே பலமுறை வந்திருக்கிறது. தவறு. பூமியோடு சேர்ந்து காற்றும் சுற்றுகிறது, காற்றுக்குள் இருக்கும் விமானமும் சுற்றுகிறது. ஓடும் ரயிலுக்குள் எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரே மாதிரி இருப்பதைப் போல. அந்தக் காற்றாறு உண்டாவதில் பூமியின் சுழற்சிக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விமானத்தைத் தள்ளுவது காற்றுதான்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ. நூல் பிடித்தால் சுமார் 12,400 கி.மீ. ஏர் இந்தியா 2015 டிசம்பரில் இந்த நேரடி விமானத்தைத் தொடங்கியபோது மேற்கே, அட்லாண்டிக் வழியாகப் போனார்கள். 2016 அக்டோபரில் தடத்தைத் திருப்பிக் கிழக்கே பசிபிக் வழியாக விட்டார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆயிற்று, பழைய வழியைவிட 1,400 கி.மீ. அதிகம். பயண நேரமோ குறைந்தது. பதினான்கரை மணியில் போய் இறங்கியது. ஞாயிறு விடிகாலை நான்கு மணிவாக்கில் டெல்லியில் ஏறியவர்கள் ஞாயிறு காலை ஆறரைக்கெல்லாம் சான் பிரான்சிஸ்கோவில் இருந்தார்கள். நடுவில், பசிபிக்கில் நாள் மாறும் தேதிக்கோட்டைத் தாண்டியதும் கொஞ்ச நேரம் சனிக்கிழமைக்கே திரும்பிப் போய்விட்டு வந்தார்கள். திரும்பும்போது அட்லாண்டிக் வழியாக, அதுவும் கிழக்கு நோக்கியே. அதாவது போய்வந்தால் உலகத்தை ஒரு சுற்று. இதைச் சொன்னால், கி.மீ.யை வைத்து டிக்கெட் தேர்ந்தெடுக்கும் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

பெங்களூருவிலிருந்து நேரடி விமானம் தொடங்கியது 2021 ஜனவரியில். நேர்க்கோட்டில் 13,993 கி.மீ., நம் சென்னைக் கணக்கைவிட நூறு கி.மீ.கூட அதிகமில்லை. கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் முழுக்கப் பெண்களே ஓட்டிய அந்த முதல் விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவம் வழியாக வந்து, சுமார் பதினேழு மணி நேரத்தில் பெங்களூரில் இறங்கியது. உங்கள் ‘பதினைந்தரை’யை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது அனுமதி. ஒரு நாட்டின் வானம் அந்த நாட்டுக்குச் சொந்தம், மூடினால் சுற்றித்தான் போக வேண்டும். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களுக்கு ரஷ்யாவின் வானம் மூடப்பட்டது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி போல ஆன பயணம் பதின்மூன்று மணி ஆனது. இந்திய, வளைகுடா நிறுவனங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் 2025 ஏப்ரலிலிருந்து இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வானம் மூடப்பட்டது, மேற்கே போகும் தடங்கள் நீண்டன, சில விமானங்கள் வழியில் வியன்னாவில் எரிபொருள் நிரப்பிப் போக வேண்டி வந்தது. ஆறு மாதத்துக்கு முன் உறவினர் போன நேரத்தை வைத்து இன்று கணக்குப் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ரஷ்யாவின் மேல் பறப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இரண்டு இன்ஜின் விமானங்கள், ஒன்று நின்றுபோனாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் போய் இறங்க ஒரு விமான நிலையம் எட்டும் தூரத்தில் இருக்கும்படிதான் தடம் போட வேண்டும். 2023 ஜூன் 6 அன்று டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் இன்ஜின் கோளாறால் ரஷ்யாவின் கிழக்கு ஓரத்தில் மகதான் என்ற ஊரில் இறங்கியது. 216 பயணிகள், 16 ஊழியர்கள். ஊர் சிறியது, ஓட்டல் போதவில்லை. பள்ளிக்கூடக் கட்டடத்தில் தரையில் மெத்தை போட்டுப் படுத்தார்கள். மாற்று விமானம் போய் அவர்களை ஏற்றிக்கொண்டு ஜூன் 8 அன்று சான் பிரான்சிஸ்கோ சேர்ந்தது. அரிதாக நடப்பதுதான். ஆனால் பெற்றோரின் மாத்திரைகளைக் கைப்பையில், மூன்று நாளுக்குக் கூடுதலாக, வைத்து அனுப்புங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேண்டுமே, அது இதுதான்.

பதினெட்டு மணி நேரம் பறப்பது வயதானவர்களுக்குத் தாங்குமா என்றும் கேட்பார்கள். ஒரு பழைய கதை சொல்லவா? இரண்டாம் உலகப்போர் நடந்த 1943இலிருந்து 1945 வரை குவாண்டாஸ் நிறுவனம் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கலை ஏரிக்குக் கடல் விமானம் விட்டது. தூரம் சுமார் 5,650 கி.மீ., இன்று ஏழெட்டு மணி நேர வேலை. அன்று 27 முதல் 33 மணி நேரம், நிற்காமல். மூன்று பயணிகளுக்குத்தான் இடம், ரேடியோ பேசக்கூடாது, நட்சத்திரம் பார்த்துத்தான் வழி. ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்த்ததற்குப் பயணிகளுக்குச் சான்றிதழ் வேறு கொடுத்தார்கள். உங்கள் அம்மாவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்க இடம் இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இருக்கிறது. நடைபாதை ஓர இருக்கையாகப் பார்த்து வாங்குங்கள், சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். நடக்க முடிகிறவர்களுக்கும் அது பெரிய உதவி, ட்ரான்சிட்டில் வழி தேட வேண்டாம், ஒருவர் கூடவே வருவார்.

சரி, டிக்கெட்டைப் படிப்பது எப்படி? அதில் இருக்கும் புறப்படும் நேரம், சேரும் நேரம் இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். இந்தியா உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே. சான் பிரான்சிஸ்கோ கோடையில் ஏழு மணி பின்னே, குளிர்காலத்தில் எட்டு. ஆகவே மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் பன்னிரண்டரை மணி, மற்ற நாட்களில் பதின்மூன்றரை மணி வித்தியாசம்.

என் அத்தை ஒருமுறை டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏன்டா, வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு ஏறி வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு இறங்குறேன்னு போட்டிருக்கு. ஒன்பது மணி நேரம்தானே, சாப்பாடு எதுக்கு?” என்று கேட்டார். கோடைக்கால டிக்கெட். காலை பத்தேகாலோடு பன்னிரண்டரை மணியைக் கூட்டுங்கள் அத்தை என்றேன். வெள்ளி இரவு பத்தே முக்கால், நம் ஊர் நேரம். ஏறியது அதே வெள்ளி அதிகாலை ஒரு மணிக்கு. இருபத்தொன்றே முக்கால் மணி நேரம். பேனாவை எடுத்து டிக்கெட்டின் ஓரத்திலேயே எழுதிக்கொண்டார். அப்புறம் வழிக்கு இட்லி கட்டினார்.

இன்னொன்று. அட்டவணையில் இருப்பது விமானம் நிலையத்தை விட்டு நகரும் நேரத்திலிருந்து மறுமுனையில் போய் நிற்கும் நேரம் வரை. ரன்வேக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதற்குள். தாமதத்துக்கென்று கொஞ்சம் கூட்டியும் போட்டிருப்பார்கள். அதனால்தான் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய விமானம் சில நாள் சொன்ன நேரத்துக்கே போய்ச் சேர்கிறது.

உங்கள் பெற்றோருக்கு நான் என்ன தேர்ந்தெடுப்பேன்? மொத்த நேரம் 22 முதல் 24 மணி, ட்ரான்சிட் மூன்றிலிருந்து நான்கு மணி, மாறுவது ஒரே இடத்தில், இரண்டு பாதியும் ஒரே டிக்கெட்டில். ஒன்றரை மணி ட்ரான்சிட் என்றால் மொத்த நேரம் அழகாகத் தெரியும், முதல் விமானம் தாமதமானால் எல்லாம் போச்சு. நியூயார்க், சிகாகோ என்று அமெரிக்காவுக்குள் மாறும் டிக்கெட் விலை குறைவாக இருக்கலாம். ஆனால் அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன் முடித்து, பொதுவாகப் பெட்டியையும் எடுத்து மறுபடி போட்டுவிட்டுத்தான் அடுத்த விமானத்துக்கு ஓட வேண்டும். முதல் முறை வருகிறவர்களுக்கு அது வேண்டாம். சான் பிரான்சிஸ்கோவிலேயே முதலில் இறங்கட்டும், வெளியே நீங்கள் நிற்பீர்கள்.

திரும்பும் டிக்கெட்டில் மணியைவிடத் தேதியைத்தான் பார்க்க வேண்டும். கோடையில் சான் பிரான்சிஸ்கோவில் ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு ஏறினால், மொத்தம் 25 மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொண்டால், சென்னையில் இறங்குவது செவ்வாய் விடிகாலை இரண்டரைக்கு. திங்கட்கிழமை முழுக்க வானத்திலும் ட்ரான்சிட்டிலும் கழிந்துவிடும். ஊரில் கார் சொல்லும் சித்தப்பாவிடம் ‘செவ்வாய்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், ‘திங்கட்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்’ என்று சொல்லுங்கள். செவ்வாய் என்றதும் செவ்வாய் ராத்திரி மீனம்பாக்கத்தில் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும். அம்மா அப்பா அதற்குள் ஆட்டோ பிடித்து வீடு போய், தூங்கி எழுந்திருந்தார்கள்.